பழையதைத் தோண்டாமல் தூக்கத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: நெடுஞ்சாலை விபத்தில் தப்பி ஒரு வருடம் தாண்டிவிட்டது, காயம் ஆறிவிட்டது. ஆனால் நடுராத்திரியில் அதே லாரி வெளிச்சம் கனவில் வந்து எழுப்புகிறது, மாத்திரை போட்டும் நிற்கவில்லை. நடந்ததைத் திரும்பச் சொல்லாமல் தூக்கத்துக்கு மட்டும் தெரபி எடுக்க முடியுமா? தனியாக கிளினிக் வைத்திருப்பவர்களிடம் போகலாமா?

முடியும். போகலாம். கோவையில் தனியாக ஒரு சிறிய கிளினிக் நடத்தும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நான். என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் "தூக்கம் வரல மேடம்" என்ற ஒரு வரியோடுதான் வருகிறார்கள். அதற்குப் பின்னால் விபத்து இருக்கலாம், வீட்டில் வாங்கிய அடி இருக்கலாம், சின்ன வயதில் யாரோ செய்த கொடுமை இருக்கலாம், ஆனால் அதை அன்றைக்கே சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நல்ல தெரபிஸ்ட் யாரும் கேட்க மாட்டார். மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சம்பவம் நடந்த கையோடு ஒரே செஷனில் எல்லாவற்றையும் பேச வைக்கும் முறையை ஆராய்ந்து பார்த்தபோது அது பிடிஎஸ்டியை, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பயமும் கெட்ட கனவும் விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பை, தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை இன்னும் மோசமானதும் உண்டு. அதனால் நீங்கள் சொல்லத் தயங்குவதில் தப்பே இல்லை.

ட்ராமாவை, அதாவது மனதைப் பாதித்த அதிர்ச்சியை, மனதில் வைத்துச் செய்யும் சிகிச்சை என்றால் ஏதோ பெரிய டெக்னிக் என்று நினைக்க வேண்டாம். கதவுப் பக்கம் உட்கார விருப்பமா என்று கேட்பது, அடுத்து என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று முன்கூட்டியே சொல்வது, "வேண்டாம்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துவது, முக்கால்வாசி இதுதான். தூக்கத்துக்கு எல்லா இடத்திலும் சொல்லித்தருகிற "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" பயிற்சியே இவர்களில் சிலருக்குப் படபடப்பைக் கிளப்பிவிடும், கண்ணை மூடினால் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாதே. அவர்களுக்குக் கண்ணைத் திறந்தபடி, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருட்களைப் பார்த்துக்கொண்டே செய்ய வைக்கிறேன்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றுகிற சிபிடி-ஐ என்ற பேச்சு சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-லேயே சொல்லிவிட்டது. பொதுவாக 4 முதல் 8 செஷன். அதில் ஒரு விதி, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. இரவு 10 முதல் காலை 6 வரை படுக்கையில் கிடந்து மொத்தமே 5 மணி நேரம் தூங்குகிறவரை, இனி 12.30-க்குப் படுத்து 6-க்கு எழச் சொல்வோம். தூக்கம் இறுகி, படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும் 15 நிமிடம் 15 நிமிடமாகக் கூட்டுவோம். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது இன்னொரு விதி.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே உங்களைப் போன்றவர்களிடம் திணித்தால் நடக்காது. ஊரே தூங்கிய பிறகு 12.30 வரை தனியாக விழித்திருப்பதுதான் அவர்களுக்கு மிகவும் பயமான நேரம், ஆகவே எங்கே உட்காருவது, எந்த விளக்கு எரியட்டும், யார் கூட இருப்பார்கள் என்றெல்லாம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்கிறோம். ஒரே ஹாலில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் "வேறு அறைக்குப் போங்கள்" என்றால் எங்கே போவார்? பாயைச் சுருட்டிவிட்டுச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரலாம், அதுவே போதும். ஆனால் பயப்பட வைக்கிற ஆளே அதே வீட்டில் இருந்தால் தூக்க சிகிச்சை அப்புறம், முதலில் பாதுகாப்பு. அங்கே விழித்திருப்பது நோய் கிடையாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உதவி எண்கள் இருக்கின்றன.

இன்னொன்று, இந்த நேரக் குறைப்பை நீங்களாகவே யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், முதல் சில வாரம் பகலில் கண் சொருகும். வண்டி ஓட்டுகிறவர்கள், மெஷினில் வேலை செய்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், பைபோலார் உள்ளவர்கள் கட்டாயம் ஒருவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

கெட்ட கனவுக்குத் தனி வழி உண்டு, இமேஜரி ரிஹர்சல் என்று பெயர். கனவை எழுதி, அதை உங்களுக்குப் பிடித்த மாதிரி எப்படி வேண்டுமானாலும் மாற்றி, மாற்றிய கதையைப் பகலில் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. லாரிக் கனவிலேயே ஆரம்பிக்க வேண்டியதில்லை, வேறு சின்னக் கனவு போதும், விபத்தை எனக்கு விவரிக்கவும் வேண்டாம். பேரி க்ராகோ என்ற மருத்துவர் நியூ மெக்சிகோவில் பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட 168 பெண்களிடம் செய்த ஆய்வு 2001-ல் வந்தது. மூன்றே செஷனில் கற்றுக்கொடுத்தார்கள், கனவும் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது, பிடிஎஸ்டி அறிகுறிகளும் தணிந்தன. எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற முறை இதுதான்.

இதனால் எல்லாமே தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பகலில் ஹாரன் சத்தத்துக்கே உடல் நடுங்குகிறது, அந்தச் சாலைப் பக்கமே போக முடியவில்லை என்றால் ஒரு கட்டத்தில் ட்ராமாவுக்கான சிபிடி (விபத்தின் நினைவையும் பயத்தையும் கையாளும் பேச்சு சிகிச்சை) அல்லது ஈஎம்டிஆர் (கண்களை இடமும் வலமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் சிகிச்சை) தேவைப்படும், உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவற்றில் இந்த இரண்டும் உண்டு. ஆனால் ஓரளவு தூங்கி எழுந்தவரால்தான் அந்த வேலையைத் தாங்க முடிகிறது, அதனால் நான் பெரும்பாலும் தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தலைகீழாகவும் நடக்கிறது: பிடிஎஸ்டி நன்றாகக் குறைந்த பிறகும் தூக்கமின்மை மட்டும் தங்கிவிடும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரியானவற்றைப் பல மாதம் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும், வலிப்புகூட வரலாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொன்னால் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அவ்வப்போது நின்று போவது) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் அது அடிக்கடி சேர்ந்தே இருக்கிறது.

தனியார் கிளினிக்கில் நேரம் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் அதே ஆள் இருப்பார், இந்தப் பிரச்சினைக்கு அது பெரிய விஷயம். ஆனால் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். முதல் போனிலேயே "சிபிடி-ஐ செய்வீர்களா, நடந்ததைச் சொல்லாமல் ஆரம்பிக்கலாமா" என்றும் கேட்டுவிடுங்கள், அந்தக் கேள்விக்கு எரிச்சல் காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிற இரவில் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காமல் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

அதுவரை ஒரு வாரம் காலையில் எழுந்ததும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள், இரவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கனவு வந்ததா இல்லையா என்று ஒரு டிக் போதும். அந்தத் தாளோடு போனால் யாரிடம் போனாலும் முதல் செஷனிலேயே தூக்க வேலையை ஆரம்பித்துவிடலாம்.