இரண்டாம் மிதிக்குத்தான் பிரேக் பிடிக்கிறதா?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். பழைய ஜப்பான் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் பின் சில்லுகளுக்குப் புது பிரேக் சூ போட்டோம். அதிலிருந்து பெடல் மெத்தென்று கீழே போகிறது. இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்து பிடிக்கிறது. கராஜில் இரண்டு தடவை பிரேக் குழாயிலிருந்து எயார் (காற்று) எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் அதே கதை. இப்போது மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்யலாம், அண்ணை?

பதில்: மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதிக்கும்போது ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் சிலிண்டரை, இப்போதைக்கு வாங்க வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. புது சூ போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது, இரண்டாம் மிதிக்குப் பெடல் மேலே வருகிறது. எனக்குச் சந்தேகம் பின் டிரம்மில்தான், அதாவது சூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வட்டப் பெட்டியில். ஆனால் காரை நான் பார்க்கவில்லை, ஆகவே வீட்டு முற்றத்திலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகளைச் சொல்கிறேன். அதுவரை காரை வீதியில் எடுக்காதீர்கள், சந்தைக்குக்கூட வேண்டாம்.

முதலில் பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். முன் டிஸ்க்கை அழுத்தும் பாட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது வழக்கம்தான். ஆனால் நிரப்பிய ஒயில் ஒரு கிழமையில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது; அது எரிந்து தீர்கிற ஒயில் இல்லை. நான்கு சில்லுகளின் உட்பக்கத்தையும், காருக்குள்ளே பெடலின் தடி எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவருக்குள் போகும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கடற்கரையோரம் ஓடும் கார்களில் பிரேக் குழாய்களைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் முதலில் கறள் பிடிக்கும். அங்கே சேறு மூடியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். அது இறுகியதும் ஒரே அழுத்தமாக அரை நிமிடம் காலை வைத்திருங்கள். காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. கராஜில் சொன்னது சரி. இறங்காமல் நின்றால் அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். காலை எடுக்காமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு சின்ன இறக்கம் இறங்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். பூஸ்டர் பழுதானால் பெடல் கல்லாக இறுகும், மெத்தென்று போகாது.

இனி முக்கியமான சோதனை. காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, ஹான்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை ஒரே தடவை மிதியுங்கள். வழக்கத்தைவிட மேலேயே பிடித்தால் குற்றம் பின் சூவின் இடைவெளியில் இருக்கிறது. உங்கள் காரைப் போன்றவற்றில் ஹான்ட் பிரேக்கும் அதே சூவைத்தான் இழுக்கும். சூ ஏற்கெனவே டிரம்மில் போய் முட்டி நிற்பதால் அந்த இடைவெளியை நிரப்ப ஒயில் செலவாகாது, பெடலும் இறங்காது. ஹான்ட் பிரேக் போட்டும் பெடல் அதே ஆழத்துக்குப் போய், அடியில் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் வீங்குகிறது.

உங்கள் காரில் பெடல் மேலேதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு கிழமை மட்டும் நன்றாக இருந்தது ஏன்? எயார் எடுக்கச் சில்லைக் கழற்றிய கையோடு சூவையும் நெருக்கியிருப்பார்கள். அந்த நெருக்கம் ஒரு கிழமையில் மறுபடி தளர்ந்திருக்கும்.

தளர்வதற்கான காரணத்தைத் தேட டிரம்மைக் கழற்ற வேண்டும். இரண்டு சூவுக்கும் நடுவே பல்லு வைத்த ஒரு சின்னச் சக்கரம் மரையோடு இருக்கும். சூ தேயும்போது ஒரு சிறு நெம்புகோல் இந்தப் பல்லைத் தட்டி மரையை நீளச் செய்யும். இந்த மரை ஒரு பக்கத்துக்கு வலப்புரி, மறுபக்கத்துக்கு இடப்புரி. சூ மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றி மேசையில் போட்டுவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாறிப் பூட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் மரை நீள்வதற்குப் பதிலாகக் குறுகும். பிரேக் மிதிக்க மிதிக்க இடைவெளி கூடும்! அதனால்தான் நான் ஒரு பக்கத்தைப் பூட்டி முடிக்காமல் மறுபக்கத்தைத் தொடுவதே இல்லை. மரை சரியான பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், உப்புக் காற்றில் கறள் பிடித்து இறுகிவிட்டதா என்று பாருங்கள். கழுவி, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மரையில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள், சூவில் படக்கூடாது. சூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியையும் சற்று விலக்கிப் பாருங்கள். ஒயில் வழிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். அந்த ஒயிலில் நனைந்த சூவையும் மாற்றத்தான் வேண்டும், கழுவிப் போடுவது பயன்படாது. பிறகு டிரம்மைப் பூட்டி, சில்லு லேசாக உரசும்வரை நெருக்கி, உரசல் நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

காற்றுத்தான் என்று தெரிந்தால் எயார் எடுக்கும் முறை முக்கியம். வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவார்கள். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. உதவிக்கு நிற்பவர் மிதித்துப் பிடித்திருக்கும்போது சில்லுப் பக்கத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுக்குமுன் மூட வேண்டும். பொனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் டப்பாவில் ஒயில் வற்றவே கூடாது. பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் கறள் இருக்கும், ரப்பர் அதுவரை போனால் கிழியும்.

ஒருமுறை கிண்ணியாவிலிருந்து ஒரு வான் வந்தது. மூன்று இடத்தில் எயார் எடுத்தும் பெடல் நிற்கவில்லை. சில்லைக் கழற்றினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது! முன் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். காற்று மேலே தங்கும், ஒயில் மட்டும் கீழே வரும். மாற்றிப் பூட்டினோம், அரை மணித்தியாலத்தில் பெடல் வந்துவிட்டது.

கண்டிப் பயணத்துக்கு முன் ஒயிலையும் முழுதாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 வகை ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகிவிடும். டொட் 4 என்றால் 230, 155. மாத்தளை தாண்டி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து ஒயில் கொதித்தால், நல்ல பெடலும் திடீரென்று தரைக்குப் போகும். ஒயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். எஞ்சின் ஒயில் ஒரு துளி கலந்தாலும் ரப்பரெல்லாம் வீங்கிவிடும். பெயின்றில் பிரேக் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் விடியற்காலையில், வீதி வெறிச்சோடிய நேரமாகப் பார்த்து, நிலாவெளிப் பக்கம் மெதுவாக ஓட்டி நின்று நின்று பாருங்கள். ஒரு கிழமை கழித்து ஹான்ட் பிரேக் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் பெடல் இறங்கியிருந்தால் கண்டிக்கு அம்மாவை பஸ்ஸில் கூட்டிப்போங்கள். எந்தச் சோதனையில் என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.