ஷூ லேஸ் கட்டத் தெரியாம போன ராத்திரி

வணக்கம் சார்,

நாங்க பதினோரு பேர், ஸ்கூல்ல ஒரே ஸ்கவுட் ட்ரூப். 35 வருஷம் கழிச்சு வாட்ஸ்அப்புல ஒண்ணு சேர்ந்தோம், விளையாட்டா ஆரம்பிச்ச பேச்சு இப்ப 5200 மீட்டர் மலை ஒண்ணுல ஏறுறதுன்னு முடிவாயிடுச்சு. ரோடு 2500 மீட்டர்ல முடியுது. முதல் நைட் 3300, ரெண்டாவது நைட் 4200, மறுநாள் விடியக்காலைல உச்சி. ஒருத்தனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சிருக்கு. இன்னொருத்தன் மாரத்தான் ஓடுறவன், மெதுவா போறதுன்னா நான் வரலங்கிறான். அப்ப நான்தான் பேட்ரோல் லீடர், அதாவது ட்ரூப்புக்குள்ள ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவன், இப்பவும் நீயே லீட் பண்ணுங்கிறாங்க. பண்ணலாமா? பழைய ஸ்கார்ஃப் பத்திரமா இருக்கு, அதைக் கழுத்துல சேத்துப் பிடிக்கிற வளையம், வாகிள்தான் தொலைஞ்சுபோச்சு. நீங்களும் ஸ்கவுட்ல இருந்ததா எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

*

அன்புள்ள பேட்ரோல் லீடருக்கு,

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அந்த 3300, 4200 கணக்கைப் பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு. 3000 மீட்டருக்கு மேல போனா, ஒரு ராத்திரி தூங்குற இடத்துக்கும் அடுத்த ராத்திரி தூங்குற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்துலயே இன்னொரு ராத்திரி தங்கணும். நீங்க ஒரே நாள்ல 900 ஏறுறீங்க. நடுவுல 3750-ல ரெண்டு ராத்திரி சேத்துக்கோங்க. லீவு கிடைக்கலன்னா சின்ன மலையா பாருங்க, இதுல வேற வழி கிடையாது. 5500 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல பாதிதான். ஆக்சிஜனோட பங்கு அங்கயும் அதே 21 சதவீதம்தான், ஆனா காத்தே லேசாயிடுறதால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது கம்மி, உடம்பு அதுக்குப் பழக நாள் கேக்கும்.

மாரத்தான் நண்பர்கிட்ட இதைச் சொல்லுங்க: ஓடிப் பழகின உடம்புங்கிறதால, உயரத்துக்கு உடம்பு பழகாம வர்ற மலை நோய் விட்டுடாது. சொல்லப்போனா இந்த மாதிரி ஆளுங்கதான் வேகமா ஏறிப் போய் முதல்ல படுக்குறாங்க. ஸ்டென்ட் விஷயத்தை குரூப்ல ஓட்டு போட்டு முடிவு பண்ணாதீங்க. அவரோட கார்டியாலஜிஸ்ட்கிட்ட உயரம், எத்தனை நாள், எல்லாத்தையும் சொல்லி கேக்கட்டும், அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்.

ஆனா நான் பயப்படுறது இதுக்கெல்லாம் இல்ல. பழைய ஃப்ரெண்ட்ஸ் கூட ஏறும்போது எவனும் தலைவலிக்குதுன்னு வாயைத் திறக்க மாட்டான். முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தா கூட சொல்லிடுவோம், பதினாலு வயசுல நம்மளை அழ வச்சவன் முன்னாடி எப்படி சொல்றது?

எங்க ட்ரூப்பும் இப்படித்தான் ஒரு தடவை சேர்ந்து ஏறினோம். 4200 கேம்ப்ல சாயங்காலம், டென்ட் வாசல்ல ஒருத்தன் உக்காந்து ஷூ லேஸைப் பாத்துக்கிட்டே இருந்தான். ரெண்டு நுனியையும் கையில பிடிச்சிருக்கான், ஒண்ணு மேல ஒண்ணு போடுறான், அப்படியே விட்டுடுறான், திரும்ப எடுக்குறான். எங்க எல்லாருக்கும் ரீஃப் நாட், போலைன், க்ளோவ் ஹிட்ச்னு முடிச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தவனே அவன்தான், கண்ணை மூடிக்கிட்டு கட்டுவான். நான் கிண்டல் பண்ணேன், இன்னைக்கு வரைக்கும் அது உறுத்துது. கைடு வந்து பாத்துட்டு அவனை எழுப்பி, ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடுற மாதிரி நேர் கோட்டுல நடக்கச் சொன்னார். மூணாவது அடியில சாஞ்சுட்டான். மூளையில நீர் கோத்துக்கிறதோட அறிகுறி அது, விட்டா உயிருக்கே ஆபத்து. கைடு கையில இருந்த டெக்ஸாமெத்தசோன்ங்கிற வீக்கம் குறைக்கிற மருந்தைக் குடுத்தார், நானும் இன்னொரு கைடுமா டார்ச் அடிச்சுக்கிட்டு அந்த ராத்திரியே 700 மீட்டர் கீழ இறக்கினோம். அப்புறம்தான் சொல்றான், காலைலேருந்தே தலைவலியாம், ரெண்டு தடவை வாந்தி வேற, பாறைக்குப் பின்னாடி போய் எடுத்துட்டு வந்திருக்கான்.

விடியும்போது ஆள் நல்லாவே தெளிஞ்சுட்டான். இன்னும் கீழ கிளம்புறதுக்கு முன்னாடி பாதையோரம் சின்னச் சின்ன கல்லா பொறுக்கி வட்டமா வச்சு நடுவுல ஒரு கல்லை வச்சான். ஸ்கவுட் தடக்குறியில வட்டத்துக்கு நடுவுல புள்ளின்னா வீட்டுக்குப் போயிட்டேன்னு அர்த்தம், உங்களுக்குச் சொல்லணுமா என்ன. பின்னாடி இறங்கி வந்தவங்க அதைப் பாத்து உறைஞ்சு நின்னுட்டாங்க, ஏன்னா கென்யாவுல நையேரில இருக்கிற, ஸ்கவுட்டை ஆரம்பிச்ச பேடன் பவலோட கல்லறையிலயும் அதே குறிதான் செதுக்கியிருக்கு! கீழ வந்து அவனை உயிரோட பாத்ததும் அடிச்ச அடி இருக்கே.

லீட் பண்ணலாமான்னு கேட்டீங்க. வழி காட்டுறதை கைடுகிட்ட விட்டுடுங்க, ஆளுங்களைப் பாத்துக்கிற வேலையை நீங்க எடுத்துக்கோங்க. 1907-ல பிரவுன்ஸீ தீவுல முதல் கேம்ப் போட்டப்ப பேடன் பவல் இருபது பசங்களை நாலு பேட்ரோலா பிரிச்சு, பொறுப்பைப் பசங்க கையிலயே குடுத்தார். நீங்களும் பதினோரு பேரை ரெண்டு ரெண்டு பேரா பிரிங்க, ஒரு செட்டுல மட்டும் மூணு பேர் இருக்கட்டும். தலைவலி இருக்கா, சாப்பிட்டானா, தூங்கினானா, இதை தினம் காலைலயும் சாயங்காலமும் அவனவன் ஜோடியைப் பத்திச் சொல்லணும், தன்னைப் பத்தி இல்ல. அங்க தலைவலின்னா மலை நோய்னுதான் எடுத்துக்கணும், அது சரியாகாம மேல ஒரு அடி கூட ஏறக்கூடாது. முதல் தலைவலியை நீங்களே சொல்லிடுங்க, லேசா இருந்தாலும் சொல்லுங்க, அப்புறம் பாருங்க வரிசையா கை தூக்குவானுங்க.

ரொம்ப மெதுவா நடக்கிறவர் முன்னாடி போகட்டும், மாரத்தான்காரர் கடைசில வரட்டும், முதல் நாள் முறைப்பார். ரீயூனியன்னா பாட்டில் இல்லாமயான்னு யாராவது ஆரம்பிப்பாங்க, மேல வேண்டாம், குடிச்சிட்டு தூங்கினா தூக்கத்துல மூச்சு இன்னும் குறையும், இறங்கின பிறகு பாத்துக்கலாம். முட்டி வலி ஏறும்போதை விட இறங்கும்போதுதான் படுத்தும், ஆளுக்கு ரெண்டு ஊன்றுகோல் எடுத்துக்கோங்க.

ஸ்கார்ஃபை கண்டிப்பா கொண்டு போங்க. வாகிள் இல்லன்னா என்ன, ரெண்டு நுனியையும் சேத்து ஒரு ஃப்ரெண்ட்ஷிப் நாட் போட்டுக்கோங்க. மறந்துபோயிருந்தா உங்க ஜோடியைப் போடச் சொல்லுங்க, 4200-ல அவர் விரல் எப்படி வேலை செய்யுதுன்னும் பாத்த மாதிரி ஆச்சு.