வெனீர் பதிப்பு: பெட்டி செய்கிறவர்கள் கேட்டவை

வெனீரில், அதாவது தாள்போல மெல்லியதாகச் சீவிய மரத்தில், பூ வடிவத்தையும் அதைப் பதிக்கும் ஓட்டையையும் அளந்துதான் வெட்டுகிறேன். ஆனாலும் சுற்றிலும் இடைவெளி தெரிகிறதே?

இரண்டையும் தனித்தனியாக வெட்டினால் அப்படித்தான் ஆகும். முதலில் பின்னணி வெனீரில் இதழின் வடிவத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டைக்கு அடியில் இதழுக்கான வெனீரை நுழைத்து, மர ரேகை எப்படி ஓடினால் நன்றாக இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். பாதி அழகு இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பிடித்த இடம் கிடைத்ததும் டேப் ஒட்டி நிறுத்தி, ஓட்டையின் விளிம்பை ஒட்டியே கத்தி முனையால் கீறுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கோட்டுத் தடிமனே இடைவெளியாகிவிடும். பிறகு வெளியே எடுத்து அந்தக் கீறலிலேயே வெட்டினால் துண்டு கச்சிதமாக உட்காரும்.

கடையில் கிடைக்கும் வெனீர் பெரும்பாலும் 0.6 மி.மீ. தடிமன்தான். அதையும் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். கூரிய முனைகளில் முனையிலிருந்து உள்நோக்கி வெட்டுங்கள், முனை உடையாது. இப்படி முழுப் படத்தையும் ஒரே தாளாகச் சேர்த்த பிறகு, டேப் மேலே இருக்கும்படி பெட்டியில் ஒட்டலாம். மரத்தில் பள்ளம் தோண்டும் வேலையே இல்லை.

ஒட்டிய மறுநாள் மூடி வளைந்துவிட்டது.

மேல்பக்கம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள். பசையின் ஈரத்தில் விரியும் வெனீர், காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கமும் அதே தடிமனில் சாதாரண வெனீர் ஒன்றை, முடிந்தால் அதே நேரத்தில் ஒட்டுங்கள்.

காண்டாக்ட் பசை பயன்படுத்தலாமா?

வேண்டாம். ஒட்டிய நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. நாளடைவில் விளிம்புகளும் எழும்பும். வெள்ளைப் பசையும் கிளாம்பும் போதும். வெனீருக்கும் கிளாம்புக்கும் நடுவில் மெழுகுத்தாள் வைக்க மறக்காதீர்கள்.

இதழ்களில் நிழல் விழுந்தது போன்ற கருமை எப்படி வருகிறது?

மணலில் வாட்டுவதுதான். வாணலியில் நுண்மணலைச் சூடாக்கி, துண்டை இடுக்கியால் பிடித்து விளிம்பை மட்டும் சில நொடிகள் புதையுங்கள். உள்ளே போகப் போக மணலின் சூடு அதிகம் என்பதால் நிழல் தானாகவே படிப்படியாக மங்கும். தேய்க்கும்போது கொஞ்சம் போய்விடும், அதனால் வேண்டியதைவிட ஒரு சாயல் கூடுதலாக வாட்டலாம். ஆனால் கரியாகிவிட்டால் விளிம்பு உதிரும். சூட்டில் துண்டு சுருங்கும், ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் பழைய அளவுக்கு வரும். இதழ்களை வாட்டுவதற்கு முன் வீண் துண்டுகளில் பழகிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வேகத்தில் கறுக்கும்.

உப்புத்தாள் போட்டதும் வெள்ளை மேப்பிள் அழுக்கேறிவிட்டது.

பக்கத்தில் இருக்கும் கருங்காலி, படாக் (சிவப்பு நிற மரம்) போன்றவற்றின் தூள் மேப்பிளின் துளைகளில் புகுந்திருக்கிறது. தேய்ப்பதைக் குறைத்து ஸ்கிரேப்பரால் (மெல்லிய எஃகுத் தகடு) சீவுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு கை பூசி துளைகளை அடைத்துவிடுங்கள். படாக் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை: ஷெல்லாக்கில் உள்ள ஆல்கஹாலில் அதன் சிவப்பு கரைந்து பரவும். அங்கே வெளிர் மரத்தின் மேல் மட்டும் சிறு தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசி, காய்ந்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

ஓர் இடத்தில் தட்டினால் பொள்ளென்று கேட்கிறது.

அங்கே காற்று நிற்கிறது. ரேகை ஓடும் திசையிலேயே கத்தியால் சின்னதாகக் கீறி, ஊசிக் குழலால் பசை செலுத்தி, மெழுகுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். ரேகையோடு போன கீறல் கண்ணுக்குத் தெரியாது.

சாயமேற்றிய பச்சை, நீல வெனீர்கள் நிலைக்குமா?

வெயில் படும் இடத்தில் மெல்ல வெளுக்கும். இயற்கை நிறமும் அப்படியே இருக்காது: வால்நட் வெளுக்கும், செர்ரி கறுக்கும், படாக்கின் சிவப்பு பழுப்பாகும். சிவப்பையும் பழுப்பையும் அருகருகே வைத்து வடிவம் காட்ட நினைத்தால் சில வருடங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெளிர் மரத்துக்குப் பக்கத்தில் அடர் மரம் வையுங்கள்.