இரு பாம்புகள், ஒரு தொட்டி

அன்புள்ள ஐயா,

நாங்கள் டொரொண்டோவில் வசிக்கிறோம். என் மகன் வளர்க்கும் பால் பைத்தான் (ball python என்னும் சிறு மலைப்பாம்பு வகை) தனியாகக் கிடக்கிறதே என்று, அதைவிடச் சிறிய இன்னொன்றை வாங்கி அதே கண்ணாடித் தொட்டியில் விட்டோம். சண்டையே இல்லை, இரண்டும் ஒரே மறைவிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. ஆனால் புதியது மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை. பிரித்தால் ஏங்கிப்போகுமோ என்று மகன் அஞ்சுகிறான். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிரித்துவிடுங்கள், இயன்றால் இன்றே.

பாம்புகளின் நெருக்கத்தைப் பாசமாகக் காண்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. சாரையும் நல்லபாம்பும் பிணைவதாக நம் ஊர்களில் கைகூப்பி வணங்கப்படும் காட்சி, உண்மையில் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தி வெல்ல முயலும் போட்டிதான். உங்கள் தொட்டியில் அத்தகைய மல்லுக்கட்டு இல்லை என்பது உண்மை. ஆயினும் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள மூலை ஒன்றும், இருட்டான மறைவிடம் ஒன்றுமே இருக்கும் இடத்தில் இரண்டும் அங்கேதான் போய்ச் சேரும். மழைக்கு ஒரே திண்ணையில் ஒதுங்கியவர்களை உறவினர் என்று கொள்ள முடியாதல்லவா? பெரியது மேலே கிடக்க, சிறியது நகரவும் வழியின்றி அடியில் கிடப்பது ஓசையில்லாமல் நடக்கும் ஆதிக்கமாகவும் இருக்கலாம்.

பாம்புகளுக்குத் துணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்னும் இடத்துச் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில், வட அமெரிக்கச் சிறு பாம்பு வகையான கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உங்கள் ஒன்டாரியோவிலேயே உள்ள வில்ஃபிரிட் லோரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இளம் கார்ட்டர் பாம்புகள் குறிப்பிட்ட சில தோழர்களையே நாடுவதை 2020இல் காட்டினர். 2024இல் அதே குழு, இளம் பால் பைத்தான்களுக்குப் போதிய மறைவிடங்கள் இருந்தும் அவை ஒன்றிலேயே கூடிக் கிடந்ததைப் பதிவுசெய்தது. உங்கள் மகனுக்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் அங்கே பாம்புகளுக்கு விலகிச் செல்ல இடம் இருந்தது. விலகாமல் இருந்தது அவற்றின் தேர்வு. உங்கள் தொட்டியில் அந்தத் தேர்வுக்கு இடமில்லை.

உணவு மறுப்புக்கு வருகிறேன். பால் பைத்தான்கள், குறிப்பாகக் குளிர்காலத்தில், மாதக்கணக்கில் உண்ணாதிருப்பதும் உண்டு. ஆகவே துணைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை அதைக் கண்டறியவும் வழியில்லை. நாளை தொட்டியில் கக்கிய எலியோ இரத்தம் கலந்த எச்சமோ கிடந்தால், அது எந்தப் பாம்பினுடையது என்று எப்படித் தெரியும்? கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி எச்சத்தின் வழியே பரவும். பாம்புகளிடம் அதை முற்றாக ஒழிக்கும் நம்பகமான மருந்து இல்லை. மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோ வைரஸும் இத்தகைய நெருக்கத்தில் எளிதில் தொற்றும். புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது மூன்று மாதமாவது வேறு அறையில் வைப்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்களின் வழக்கம். கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒரு தொட்டி போதும் என்றால் இரண்டாவது பாம்பு எளிதில் விற்றுவிடும்.

இரண்டும் எதிர்பாலினமாக இருந்தால், முழு வளர்ச்சி அடையாத பெண் சூல்கொள்ளும் இடரும் உண்டு. இரண்டும் ஒரே எலியைக் கவ்விக்கொண்டு காயப்படுவதும் நிகழக்கூடியதே.

சிறியதற்குத் தனித் தொட்டியில் வெப்பமான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரு மறைவிடங்கள் அமையுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் இடுக்கியும் தனியாக இருக்கட்டும். ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, பிறகு மாலை இருட்டியதும் எலியை நீட்டிப் பாருங்கள். வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடையைக் குறித்து வாருங்கள்; எடை தொடர்ந்து இறங்கினால், அந்தக் குறிப்போடு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.