கொரியாக் கிண்ணம் கோணலாக இருக்கிறதே?

கேள்வி: தென் கொரியாவில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது ஆறு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் கொண்டுவந்தான். கையால் செய்தவையாம், நல்ல விலையாம். ஆனால் ஆறும் ஆறு மாதிரி இருக்கின்றன. ஒன்று லேசாகக் கோணல், ஒன்றில் கடுகளவு கறுப்புப் புள்ளி, எல்லாவற்றுக்கும் அடிவளையம் சொரசொரப்பு. கழித்துப்போட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? புளிக்குழம்பு ஊற்றலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மகனைத் திட்டாதீர்கள் அம்மா, நல்ல பொருளைத்தான் வாங்கி வந்திருக்கிறார். பக்கத்தில் காருகுறிச்சியில் சக்கரத்தில் பானை வனைவதைப் பார்த்திருப்பீர்களே, ஒரே கை வனைந்தாலும் இரண்டு பானை அச்சாக ஒன்றுபோல இருக்காது, அதே கதைதான் இங்கேயும். அதோடு பீங்கான் மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கறுப்புப் புள்ளி மண்ணில் கிடந்த இரும்புத் துணுக்கு. அடிவளையத்தில் பூச்சைத் துடைத்துவிட்டுத்தான் சூளையில் வைப்பார்கள், இல்லாவிட்டால் பூச்சு உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கோணலை அவர்கள் குறையாக நினைப்பதே இல்லை. சோசன் அரசர்கள் காலத்தில் (1392–1910) அரண்மனைக்கே வெள்ளைப் பீங்கான்தான், சியோலுக்குப் பக்கத்தில் குவாங்ஜு என்ற ஊரில் அரசாங்கச் சூளைகள் இருந்தன, விறகு தீரத் தீர ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒருமுறை காடு பார்த்து இடம் மாற்றினார்கள். அங்கே செய்த 'நிலா ஜாடி'யைப் படத்திலாவது பாருங்கள். ஏறக்குறைய ஒரு முழம் உயரம் இருக்கும், அத்தனை பெரிதாக ஒரே மூச்சில் வனைந்தால் அந்த மண் தாங்காமல் உட்கார்ந்துவிடும், அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து ஒன்றின் வாயில் இன்னொன்றைக் கவிழ்த்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் சூளையில் கொஞ்சம் சரியும், பிதுங்கும். முழுவட்டம் ஆகாத அந்த உருவத்துக்குத்தான் நிலா என்று பெயர், அதைத்தான் இன்றைக்கும் இச்சோன், யோஜு பக்கத்துக் கைவினைஞர்கள் விடாமல் செய்துவருகிறார்கள். எனக்கு அந்த ஜாடி என்றால் உயிர்.

சரி, புளிக்குழம்பு. தாராளமாக ஊற்றலாம். நம் மண்பானை குறைந்த சூட்டில் வெந்தது, தண்ணீர் கசியும், அதனால்தான் குளிர்கிறது. (கிம்ச்சி என்கிற ஊறுகாயை ஊறப்போட அவர்களிடமும் மூச்சுவிடும் மண்ஜாடி உண்டு, பெயர் ஓங்கி.) பீங்கானோ 1,250 டிகிரிக்கு மேல் வெந்து மண்ணே பாதி கண்ணாடியாகிவிட்டது, புளி ஒன்றும் செய்யாது. பொன்முலாம் பூசிய விளிம்பு இருந்தால் மட்டும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கிற சொதியை ஊற்றவும் வேண்டாம், விரிசல் விடும்.

அப்புறம், சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோலக் கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் கவலையில்லை. ஏதாவது ஒன்று டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதில் சூடாக எதுவும் ஊற்றாமல் முந்திரியோ கற்கண்டோ போட்டு வையுங்கள்.