ஹெல்மெட்டுக்குள் பாட்டு கேட்கவில்லையா? ஆம்ப் வாங்காதீர்கள்!

கேள்வி: மேலூரிலிருந்து மதுரைக்குத் தினமும் பைக்கில் வேலைக்கு வந்து போகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. சட்டைப் பையில் ஒரு சின்ன எம்.பி.3 பிளேயர், காதில் இயர்போன், மேலே ஹெல்மெட். ஊருக்குள் நன்றாகக் கேட்கிற பாட்டு, நான்கு வழிச் சாலையில் ஏறி அறுபதைத் தாண்டியதும் காணாமல் போகிறது. வால்யூமை முழுக்க வைத்தாலும் குரல் மட்டும் கீச்சென்று கேட்கிறது; தபேலா, பேஸ் எதுவும் இல்லை. ‘ஆயிரம் வாட்ஸ்’ குட்டி ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி) ஒன்றை நடுவில் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். விலை 1,800 ரூபாய். 200 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா, அல்லது பிளேயரையே மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி.

ஊருக்குள் கேட்கிறது, நான்கு வழிச் சாலையில் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளேயர் அதேதான், இயர்போனும் அதேதான். நடுவில் மாறியது காற்று. 60, 65 வேகத்தில் போகும்போதே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) நெருங்கிவிடும். பைக் நூறைத் தொட்டால் இரைச்சலும் நூறை ஒட்டி வரும். அதில் பெரும்பகுதி கனத்த, ‘கும்’மென்ற சத்தம். அதனால்தான் தபேலாவை முதலில் விழுங்குகிறது. கீச்சுக் குரல் தப்பித்துக்கொள்கிறது.

இனி அந்த ஆம்ப். மரத்தில் குழாய் கட்டி ரேடியோ செட் போட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆம்ப் விற்கிற யாரும் வாய் திறந்து சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. பவரை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும், ‘லேசாகக் கூடியிருக்கோ?’ என்று சந்தேகப்படுகிற அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் பவர் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். அவ்வளவையும் ஒரு மிளகளவு இயர்போனுக்குள் அனுப்பினால் பாட்டு பிசிறடிக்கும், அப்புறம் இயர்போன் போய்விடும்.

ஆயிரம் வாட்ஸ் என்பது சுத்தப் பொய். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெருக்கினால் 5 வாட்ஸ். உள்ளே போவது ஐந்து, வெளியே வருவது ஆயிரமா? ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் காலத்திலேயே இந்த வித்தை உண்டு. அப்போது அதற்குப் பெயர் பி.எம்.பி.ஓ. வாட்ஸ். அதற்கு ஒரு வரைமுறையும் கிடையாது, வாய்க்கு வந்த எண்ணை அச்சடிக்கலாம். நம்பக்கூடியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ் ஒன்றுதான், அதாவது விடாமல் ஓடும்போது நிஜமாகவே வெளியே வருகிற பவர். இயர்போனுக்குத் தேவைப்படுவதோ ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு. பெட்டியில் எம்.ஆர்.பி. போடாவிட்டால் சட்டம் கேட்கும், இறக்குமதி செய்தவர் முகவரி இல்லாவிட்டால் கேட்கும். வாட்ஸில் இருநூறு மடங்கு புளுகினால் நடைமுறையில் கேட்க நாதி இல்லை.

வால்யூம் கூட்டும் ஆப்களும் இதே ரகம். பாட்டை நசுக்கிப் பெரிதாக்கிக் காட்டும், கூடவே விளம்பரம் கொட்டும்.

இன்னொரு கூட்டம் ‘வால்யூம் லாக்கை (சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கிற அமைப்பை) உடைத்துத் தருகிறேன்’ என்று 300, 400 ரூபாய் வாங்குகிறது. இதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் நின்று சொல்கிறேன். உங்கள் பிளேயர் ஐரோப்பாவில் வாங்கியதா? லண்டனிலோ பாரிசிலோ இருக்கிற சொந்தக்காரர் யாராவது கொண்டுவந்து கொடுத்ததா? அங்கே விற்கும் பிளேயர்களுக்கு 100 டெசிபல் என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 85-ஐத் தாண்டும்போது எச்சரிக்கை காட்டி, நீங்கள் சம்மதித்தால்தான் மேலே போகும். அந்த எச்சரிக்கைக்கு யாரோ ஒரு தடவை ‘வேண்டாம்’ அழுத்திவிட்டால் சத்தம் அடங்கியே இருக்கும். ஆள் பிளேயர் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார். இங்கே வாங்கிய பிளேயரிலும் போனிலும்கூட ‘வால்யூம் லிமிட்’ என்று ஓர் அமைப்பு இருக்கக்கூடும். வீட்டுப் பிள்ளைகள் தொட்டிருப்பார்கள். செட்டிங்ஸில் சவுண்டு என்ற பகுதிக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. ஒரு சோதனை சொல்கிறேன். ராத்திரி அமைதியான அறையில் பாட்டைப் போட்டு வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாதியிலேயே ‘போதும்டா சாமி’ என்று தோன்றினால் லாக் எதுவும் இல்லை. முழுக்க வைத்தும் சாதாரணமாகத்தான் கேட்கிறது என்றால் மட்டும் அந்த அமைப்பைத் தேடுங்கள். ஊருக்குள் நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள். உங்களுடையதில் லாக் இருக்காது.

சரி, என்ன செய்வது? பாட்டைக் கூட்டுவதை விட்டுவிட்டு இரைச்சலைக் குறையுங்கள்.

நீங்கள் வைத்திருப்பது காது மடலில் சும்மா உட்காரும் இயர்போன் என்று நினைக்கிறேன். அது இரைச்சலைத் தடுக்காது. காதுத் துவாரத்துக்குள் போகிற வகையை வாங்கி, ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு ஃபோம் முனை (அமுக்கினால் சுருங்கி, விட்டால் விரிகிற பஞ்சு போன்றது) போடுங்கள். போடுவதில்தான் சூட்சுமம். ஃபோமை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விளக்குத் திரி உருட்டுகிற மாதிரி ஒல்லியாக உருட்டுங்கள். இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வலது காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். துவாரம் நேராகும். திரி விரிவதற்குள் உள்ளே செருகி, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ‘ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். குடத்துக்குள் பேசுகிற மாதிரி உங்கள் குரல் உங்களுக்கே முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. இரைச்சல் 20 டெசிபலுக்கு மேலேயே குறையும். போன தபேலாவும் திரும்பி வரும், ஏனென்றால் சந்து இருந்தால் பேஸ் அந்த வழியாக ஒழுகிவிடும். ஹெல்மெட் மாட்டும்போது முனை இழுபடாமல் இருக்க, முதலில் தலைக்கு ஒரு மெல்லிய துணிக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழுத்து. காற்று அதிகம் புகுவது முகத்தின் வழியாக இல்லை, தாடைக்குக் கீழே. ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றி, முனைகள் பறக்காமல் சட்டைக்குள் செருகிவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்து ஓட்டாதீர்கள்; அந்தச் சந்து புல்லாங்குழல் மாதிரி ஊதும்.

ஹெல்மெட் தொளதொள என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாகச் சுற்றக் கூடாது. ரோட்டோரம் வாங்கியதா? 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. அதனால் முத்திரையையே அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். முத்திரையோடு சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். ஹெல்மெட் போடவில்லை என்று பிடிக்க முக்குக்கு முக்கு ஆள் நிற்கிறார்கள். போட்டிருப்பது ஹெல்மெட்டா பிளாஸ்டிக் சட்டியா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் ஓடிவிடுங்கள். போன வருடம் ஒருவர் ஹெல்மெட்டோடு வந்தார், ஒரு பக்கம் கேட்கவில்லை என்று. பஞ்சை நீக்கிப் பார்த்தால், ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று உள்ளே இருந்த தெர்மாகோலை இரண்டு பக்கமும் தேங்காய் துருவுகிற மாதிரி துருவி எடுத்திருந்தார்கள். விழுந்தால் அடியை வாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மாகோல்தான். கூலியாக 500 ரூபாய் வேறு. ஸ்பீக்கரைச் சரிசெய்யாமல் புது ஹெல்மெட் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

காதை அடைத்த பிறகு வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், அதுவே தாராளம். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி, 100-க்குக் கால் மணி. நீங்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் முழு வால்யூமில் ஓட்டியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் காதில் ‘ஙொய்’ என்கிற சத்தம் நிற்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

மாட்டுத்தாவணியை நெருங்குவதற்கு முன்பே ஓரமாக நிறுத்தி, இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. உங்களுக்குக் காது வேண்டும். காதில் ஒயர் தொங்கினால் போன் பேசுகிறீர்கள் என்று போலீஸும் நிறுத்தும்.

அந்த 200 ரூபாயைக் கடைக்காரர் திருப்பித் தர மாட்டார். அதற்குப் பதிலாக ஃபோம் முனை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மெமரி கார்டாக வாங்கிக்கொள்ளுங்கள்; அதையும் கடையிலேயே பிளேயரில் போட்டு, பாட்டு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.