பாயா நிலத்துக்கு வங்கி கிடையாது, அம்மா

கேள்வி: மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. தோட்ட வேலை முடிந்து வந்த பணத்தில் என் கணவர் வாங்கியது. கிராண்ட் (நிலப் பட்டா) இப்போது என் பெயரில். ஆற்றோரப் பாயா நிலம், அதாவது சதுப்பு. செம்பனை வைத்தும் பாதி நாள் தண்ணீரில்தான் நிற்கிறது. போன மாதம் கோயில் மண்டபத்தில் ஒருவர் கூட்டம் போட்டார். அமெரிக்காவில் ஒரு நகராட்சி சதுப்பு நிலத்தை மீட்டு, அதைக் ‘கிரெடிட்’ ஆக்கி வங்கியில் போடுவதுபோல் சேர்த்து வைக்கிறதாம். நாளை வீடு கட்டுகிறவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். செம்பனையை வெட்டிவிட்டு நிலத்தைச் சும்மா விட்டால் நமக்கும் கிரெடிட் வரும் என்கிறார். பதிவுக் கட்டணம் ஏக்கருக்கு 800 வெள்ளி, ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து. ஐசி (அடையாள அட்டை) நகலும் கிராண்ட் நகலும் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கட்டாதீர்கள்.

அவர் சொன்ன அமெரிக்கக் கதை பொய்யில்லை, அதுதான் தொல்லை. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி அங்கே சதுப்பு நிலத்தை மண் போட்டு மூட ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். அழித்ததற்கு ஈடாக வேறிடத்தில் சதுப்பு நிலம் காட்டச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே மீட்டு வைத்திருப்பவரிடம் கிரெடிட்டாக வாங்கிக்கொள்ளலாம். ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம் இப்படித்தான் ஒரு வங்கி நடத்தியது. ஆனால் நிலத்தைச் சும்மா விட்டதற்கு யாரும் கிரெடிட் தருவதில்லை. தண்ணீர் திரும்ப வர வேண்டும், அந்த மண்ணுக்குரிய செடி பிழைக்க வேண்டும், குறைந்தது ஐந்து ஆண்டு கண்காணிக்க வேண்டும். கிரெடிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிப்பார்கள். அந்த நிலத்தில் பிறகு ஒரு கொட்டகைகூட எழுப்ப முடியாதபடி நிரந்தரமாகக் கட்டிப்போட்டும் விடுவார்கள். மண்டபத்தில் இதைச் சொன்னாரா?

அங்கே விலை இருப்பதற்குக் காரணம், வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் ஒருவர் கழுத்தைப் பிடிப்பது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. நம் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் பெரிய திட்டங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை கேட்கும், நிபந்தனை போடும், அவ்வளவுதான். நிலம் மாநிலத்தின் கையில், சுற்றுச்சூழல் துறை கூட்டரசின் கையில். ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கட்டடத்தைக் காட்டுவார்கள். இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்தான் இப்படிப்பட்ட ஏஜெண்டுகள் கடை விரிக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் ‘கார்பன் கிரெடிட், பர்சாவில் விற்கிறார்கள்’ என்று மாற்றிப் பேசுவார். பர்சா என்பது நம் பங்குச் சந்தை. அதன் கார்பன் சந்தை 2022-இல் தொடங்கியது உண்மை. அங்கே ஏலத்துக்கு வந்த கிரெடிட்டைத் தந்த சபா குவாமுட் காடு 83,000 ஹெக்டேருக்கு மேல். உங்களுடையது ஒன்றேகால் ஹெக்டேர்கூட இல்லை.

செம்பனையையும் வெட்டாதீர்கள். கிராண்டில் நிலத்தின் வகை ‘பெர்தானியான்’ (விவசாயம்) என்றும், கீழே இன்ன பயிர் என்ற நிபந்தனையும் இருக்கலாம். பயிரை அழித்துவிட்டுச் சும்மா போட்டால் நிபந்தனையை மீறியவர் நீங்கள்தான், ஏஜெண்டு இல்லை.

இப்போது அந்தப் பவர் பத்திரம். நில அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கள்ளக் கிராண்டைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். பவர் வைத்திருப்பவர் அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து உங்கள் நிலத்தை விற்கலாம், அடகு வைத்துக் கடன் எடுக்கலாம். பணம் கைமாறியதாகவும் ரத்து செய்ய முடியாதது என்றும் எழுதியிருந்தால் நீங்கள் நினைத்த நேரத்தில் திரும்ப வாங்க முடியாது. எங்கள் கவுண்டருக்கு ஒரு முதியவர், முன்னாள் பால்மரத் தொழிலாளி, நிலவரி கட்ட வந்தார். நிலம் வேறொருவர் பெயருக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ‘போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினோம். எங்களால் முடிந்தது அதுதான் என்பதை இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

தாழ்வு நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வீடமைப்பு நிறுவனங்கள் தங்கள் திட்டத்தின் மழைநீரைத் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்பது 2001-இலிருந்து நடைமுறை. பொதுவாகத் தங்கள் நிலத்துக்குள்ளேயே குளம் வெட்டுவார்கள். ஆனால் உங்கள் பக்கத்துத் தோட்டம் தாமானாக (குடியிருப்பாக) மாறி, அதன் தண்ணீர் உங்கள் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும் என்றால், உங்கள் நிலத்தை வாங்கவோ வாய்க்கால் உரிமை கேட்கவோ வரலாம். அது கிரெடிட் இல்லை. விற்பனை, அல்லது கிராண்டிலேயே பதியும் ஈஸ்மெண்ட், அதாவது உங்கள் நிலத்தின் வழியே போகும் உரிமை. அப்படி வந்தால் நிறுவனத்தின் கடிதம் கேளுங்கள். அந்தத் திட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று நகராண்மைக் கழகத்தில் விசாரியுங்கள். மதிப்பீட்டாளரும் வக்கீலும் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். ‘எங்கள் வக்கீலே பார்த்துக்கொள்வார், உங்களுக்குச் செலவில்லை’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்தில் எந்தத் திட்டமும் இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

சரி, நகல்கள் கொடுத்துவிட்டீர்கள். மூன்று ஏக்கர் என்பதால் உங்களுடையது அநேகமாக ‘கெரான் முக்கிம்’, அதாவது மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகும் கிராண்ட். கோலசிலாங்கூர் மாவட்ட நில அலுவலகத்துக்கே இந்த வாரம் போய் ‘சாரியான்’ (நிலப் பதிவின் நகல்) எடுத்துப் பாருங்கள். தனியார் கேவியட் (நிலத்தின் மேல் ஒருவர் போடும் தடைப் பதிவு) விழுந்திருந்தால் ஆறு வருடம் வரை உட்கார்ந்திருக்கும். அதுவரை விற்பனை, அடகு எதையும் பதிய விடமாட்டார்கள். இருந்தால் நீக்கச் சொல்லி அங்கேயே மனுப் போடுங்கள், கூடவே ஒரு வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். போகும்போது அசல் கிராண்டைக் கையில் கொண்டுபோக வேண்டாம். கிராண்ட் எண்ணும் லாட் எண்ணும் போதும்.